தோட்ட முத்திரை முதல் இலக்கக் கையொப்பம் வரை

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியே வந்த தமிழர்கள் அவற்றில் பால் வெட்டினர். அந்த ரப்பரைத் தொலைவிலிருந்து வாங்கிய வணிகருக்கு இரண்டு உறுதிகள் தேவைப்பட்டன: சரக்கு யாருடையது, உள்ளே இருப்பது சொன்ன தரம்தானா.

சோதனை பால் ஸ்டோரிலேயே தொடங்கும். வாளியில் வந்த பாலைத் தோட்ட எழுத்தரான கிராணி அளந்து, மெட்ரோலாக் என்ற மிதவை மானியை அதில் இறக்குவார். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே தண்ணீர் கலந்த பாலில் மானி வழக்கத்தைவிட மேலே எழும். அமிலம் ஊற்றி உறையவைத்த பால், ரோலரில் ஷீட்டாகிப் புகையில் காயும். ரோலரிலேயே தம் குறியைப் பொறித்த தோட்டங்களும் உண்டு. தரத்தைக் கண்ணால் பார்த்தே பிரித்தனர். ஆனால் அழுத்திக் கட்டிய பேலின் நடுவில் மட்டமான ஷீட் இருந்தால், மேலே உள்ள குறி அதைக் காட்டிக்கொடுக்காது.

1965இல் வந்த எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தர ரப்பர் திட்டம் இந்தக் குறையைப் போக்க முனைந்தது. ஆய்வுக்கூடத்தில் மாதிரியின் அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் ஆகியவற்றை அளந்த பிறகே தரம் குறிக்கப்பட்டது. அன்றைய எஸ்.எம்.ஆர். 20 என்ற தரத்தில் அழுக்கு 0.20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

மென்பொருளிலும் இதே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இலக்கக் கையொப்பம் இரண்டுக்கும் ஒருசேர விடை தருகிறது. கோப்பு முழுவதிலிருந்தும் ‘ஹேஷ்’ என்ற எண் கணிக்கப்படும். ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். வெளியீட்டாளர் அதைத் தம் இரகசியச் சாவியால் ஒப்பமிடுவார். அவருடைய பொதுச் சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் முன்வைத்த இக்கருத்து, அடுத்த ஆண்டே ஆர்.எஸ்.ஏ. முறையாக உருப்பெற்றது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1995இல் இதற்குச் சட்டம் இயற்றியது. மலேசியாவின் இலக்கக் கையொப்பச் சட்டம் 1997இல் நிறைவேறி, 1998 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஒரு பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று சான்றளிக்கும் நிறுவனங்கள் அச்சட்டப்படி உரிமம் பெற வேண்டும்.

முறையின் பலவீனம் 2011 நவம்பரில் வெளிப்பட்டது. மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டியின் சான்றிதழால் ஒப்பமிடப்பட்ட தீநிரல் ஒன்றைப் பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் கண்டறிந்தது. கையொப்பம் உண்மையானது; ஒப்பமிட்டது மார்டி அல்ல, அதன் சாவி கைக்குக் கிடைத்த வேறு யாரோ. அதே மாதத்தில், மலேசியாவின் டிஜிசெர்ட் நிறுவனம் வழங்கிய 22 சான்றிதழ்களில் எளிதில் உடையக்கூடிய 512 பிட் சாவிகள் இருந்தது தெரியவந்தது. மைக்ரோசாஃப்டும் மொசில்லாவும் அந்நிறுவனத்தின் சான்றிதழ்களை நம்புவதை நிறுத்தின.

கையொப்பத்தின் மதிப்பு சாவியின் வலிமையையும் அதைக் காக்கும் முறையையும் பொறுத்தது. இதனால் 2023 ஜூன் முதல், மென்பொருளுக்கு ஒப்பமிடும் இரகசியச் சாவிகளை நகலெடுக்க இயலாத பாதுகாப்புக் கருவியில்தான் வைக்க வேண்டும் என்று உலகச் சான்றிதழ் நிறுவனங்களின் விதிகள் கட்டாயமாக்கின.