வீட்டிலிருக்க இயலாத நோயாளிகள்: கொள்ளை நோய்க் காலத்தில் டயாலிசிஸ் கூடங்கள்



கொள்ளை நோய் பரவியுள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம், அவ்வூரில் இருப்போர் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் நாம் அறிந்ததே. ஹிஜ்ரி 18-ல், அதாவது கி.பி. 639-ல், சிரியாவில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவிற்று. அந்நாட்டை நோக்கிப் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சர்ஃக் என்ற இடத்தில் செய்தியறிந்து, தோழர்களைக் கலந்தாலோசித்து, மதீனாவுக்கே திரும்பினார்கள். சிரியாவிலேயே தங்கிய அபூ உபைதா (ரலி) அவர்கள் அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். இருந்த இடத்தில் இருத்தல் என்பதே அந்த நெறியின் சாரம். 2020 மார்ச் மாதத்தில் உலக நாடுகள் தத்தம் மக்களிடம் வேண்டிக் கொண்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஆனால் இருந்த இடத்தில் இருக்கவே இயலாத ஒரு கூட்டத்தார் உள்ளனர். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த ஒருவருக்கு இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சை வாரத்தில் 3 நாட்கள் தேவை. நம் நாட்டில் செலவு கருதி 2 நாட்களோடு நிறுத்திக் கொள்வோரும் பலர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். இவர்கள் மருத்துவமனையில் தங்குவோர் அல்லர். காலையில் வந்து, இருக்கையில் சாய்ந்து, இரத்தத்தை இயந்திரத்திற்குக் கொடுத்துத் திரும்பப் பெற்று, மதியம் வீடு திரும்பும் வெளிநோயாளிகள். ஒரு முறை தவறினால் உடலில் நீர் கோத்து நுரையீரலை அடைக்கும். பொட்டாசியம் மிகுந்து இதயத் துடிப்பே நின்றுவிடக் கூடும். ஆகவே ஊரடங்கு இவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. அதே வேளையில், இவர்களின் உடலில் எதிர்ப்புச் சக்தி குறைவு. பலருக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் உடனிருக்கும். வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து. இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே ஒரு சிகிச்சைக் கூடத்தை நடத்துவது எப்படி என்பதை மருத்துவ உலகம் அரை நூற்றாண்டாகத் தவறு செய்து தவறு செய்தே கற்றது.

இக்கதை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்குகிறது. அதற்கு முன்பும் செயற்கைச் சிறுநீரக இயந்திரம் இருந்தது. எனினும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இரத்தக் குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்ததால், சில முறைகளுக்கு மேல் ஒரே நோயாளிக்குச் செய்ய இயலாதிருந்தது. 1960 மார்ச்சில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாய் ஒன்றைக் கையில் நிலையாகப் பொருத்தி அத்தடையை நீக்கினார். அவருடைய முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1962 ஜனவரியில் அந்நகரில் வெளிநோயாளிகளுக்கென்றே உலகின் முதல் டயாலிசிஸ் மையம் திறக்கப்பட்டது. இடமோ சொற்பம், வேண்டுவோரோ மிகுதி. யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்க ஊர்ப் பொதுமக்களிலிருந்தே பெயர் வெளியிடப்படாத ஒரு குழுவை அமைத்தார்கள். உயிரைப் பங்கிடும் அந்தப் பொறுப்பை எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது. 1972-ல் அமெரிக்க அரசு இச்சிகிச்சையின் செலவை ஏற்கும் சட்டம் இயற்றிய பின்னரே அந்த நிலை மாறியது.

கூடங்கள் பெருகின. கூடவே ஒரு புதிய இடரும் வந்தது. பலருடைய இரத்தம் உடலுக்கு வெளியே ஓடுகின்ற ஒரே அறையில், ஒருவரிடமிருந்த மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி மற்றவருக்குத் தொற்றத் தொடங்கியது. 1969, 1970 ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் சிறுநீரக நோயாளிகளுக்கான பிரிவில் மூண்ட தொற்றில் 11 பேர் மரணமடைந்தனர். சிகிச்சை அளித்த பணியாளர்களும் அவர்களுள் அடங்குவர். பிரிட்டிஷ் அரசு ரோசன்ஹைம் பிரபுவின் தலைமையில் குழு அமைத்து, 1972-ல் நெறிமுறைகளை வெளியிட்டது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1977-ல் தன் நெறிகளை வகுத்தது. கிருமி உள்ளவருக்குத் தனி அறை, தனி இயந்திரம், தனிப் பணியாளர். அனைவருக்கும் குறித்த கால இரத்தப் பரிசோதனை. இவ்வளவுதான். 1976-ல் அந்நாட்டு டயாலிசிஸ் நோயாளிகளில் ஆண்டொன்றுக்கு 100-க்கு 3 பேரைப் புதிதாகப் பற்றிய அக்கிருமி, 1983-ல் 100-க்கு 0.5 என்ற அளவுக்கு இறங்கியது. தடுப்பூசி 1981-ல்தான் அனுமதி பெற்றது. அது பரவலாகும் முன்பே இந்த இறக்கம் நிகழ்ந்துவிட்டது. கூடம் எதையும் மூடாமலேயே, இருக்கைகளையும் கைகளையும் ஒழுங்குபடுத்தியதால் விளைந்த பலன் இது.

ஆயினும் இது இரத்தத்தின் வழியே பரவும் கிருமிக்கான ஒழுங்கு. மூச்சின் வழியே பரவும் கிருமி வந்தால் என்ன செய்வது என்பதை எவரும் பெரிதாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தப் பாடத்தை 2003-ல் ஹாங்காங் கற்றுக் கொடுத்தது.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 2002 நவம்பரில் தோன்றிய சார்ஸ் என்னும் நோய், 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கின் ஒரு விடுதி வழியாக உலகெங்கும் சிதறியது. அவ்விடுதிக்கு வந்து சென்ற ஒருவர் மார்ச் 4-ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் 8ஏ என்ற வார்டில் சேர்க்கப்பட்டார். மூச்சுத் திணறலுக்காக அவருக்கு நெபுலைசர் கருவியால் மருந்துப் புகை கொடுத்தார்கள். நோய் இன்னதென்று அறியாத நிலையில் அது இயல்பான சிகிச்சையே. ஆனால் அப்புகை கிருமியை வார்டு முழுவதும் பரப்பத் துணையாயிற்று என்று பின்னர் கருதப்பட்டது. மார்ச் 25-க்குள் அம்மருத்துவமனையோடு தொடர்புடைய 138 பேருக்கு நோய் உறுதியாயிற்று. அவர்களில் 69 பேர் மருத்துவப் பணியாளர்கள், 16 பேர் மருத்துவ மாணவர்கள்.

அதே மருத்துவமனைக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வந்து போய்க் கொண்டிருந்தார் 33 வயது இளைஞர் ஒருவர். ஷென்ஜென் நகரில் வசித்தவர். மார்ச் நடுவில் அவருக்குக் காய்ச்சல் கண்டு, அந்த 8ஏ வார்டிலேயே சேர்க்கப்பட்டார். பரிசோதனையில் சாதாரண ஃப்ளூ கிருமி தென்பட்டது. காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் மார்ச் 19 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கிருமி தென்பட்டால் மற்றொன்று இருக்காது என்ற எண்ணம் எவ்வளவு எளிதில் நம்மை ஏமாற்றுகிறது! அவர் அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த தம் சகோதரரின் வீட்டுக்குச் சென்றார். வயிற்றுப்போக்கு இருந்ததால் கழிப்பறையைப் பயன்படுத்தினார். அக்கட்டடத்தின் பல வீடுகளில் தரைக் கழிவுநீர்க் குழாய்களில் நீர்த் தடுப்பு வற்றிக் கிடந்தது. குளியலறை மின்விசிறிகள் குழாய்க்குள்ளிருந்த காற்றை வீட்டுக்குள் இழுத்தன. சில நாட்களில் மாடி மாடியாக மக்கள் நோயுற்றனர். மார்ச் 31 அன்று ‘ஈ’ பிளாக் முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டு, மறுநாள் குடியிருப்போர் விடுமுறை முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். அக்குடியிருப்பில் மொத்தம் 329 பேருக்கு நோய் கண்டு, 42 பேர் மாண்டனர்.

அந்த இளைஞரை எவரும் குறை கூற முடியாது. சிகிச்சைக்கு வராமல் இருக்க அவருக்கு வழியில்லை. வந்த இடத்தில் நோய் காத்திருந்தது. காய்ச்சலோடு இருந்த சிறுநீரக நோயாளி வீட்டுக்குப் போனாலும் அடுத்த சில நாளில் கூடத்திற்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்பது அன்றைய ஒழுங்குகளில் எங்கும் எண்ணப்படவில்லை. ஹாங்காங்கில் அந்த ஆண்டு 1,755 பேர் நோயுற்று 299 பேர் இறந்தனர். நோயுற்றோரில் 386 பேர் மருத்துவப் பணியாளர்கள்.

ஆயினும் அதே ஹாங்காங்கில் ஒரு நற்செய்தியும் உண்டு. 1985 முதலே அங்கு சிறுநீரக நோயாளிகளுக்கு முதலில் வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையைத் தருவதே அரசு மருத்துவமனைகளின் கொள்கை. எனவே பெரும்பாலோர் கூடத்திற்கு வாரந்தோறும் வர வேண்டியதில்லை. செலவைக் குறைக்க வந்த ஏற்பாடு தொற்றுக் காலத்தில் பாதுகாப்பாகவும் அமைந்தது. நம் நாட்டில் இம்முறை இன்னும் குறைவாகவே பயன்படுகிறது.

பதினேழு ஆண்டுகள் கழித்து கோவிட்-19 வந்தது. வூஹான் நகரின் ரென்மின் மருத்துவமனை டயாலிசிஸ் மையத்தில் 2020 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 230 நோயாளிகளில் 37 பேரையும், 33 பணியாளர்களில் 4 பேரையும் அது பற்றியது. பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவில் அந்நோயால் நிகழ்ந்த முதல் மரணம் அறிவிக்கப்பட்டது. (அதற்கு முன்பே சில மரணங்கள் நிகழ்ந்தது பின்னர்தான் தெரிய வந்தது.) இறந்தவர் சியாட்டிலை அடுத்த கிர்க்லண்டில் சிகிச்சை பெற்றவர். அவர் ஒரு டயாலிசிஸ் நோயாளி. அவர் சிகிச்சைக்குச் சென்று வந்ததோ, 1962-ல் தொடங்கிய அந்த முதல் மையத்தின் வழிவந்த நார்த்வெஸ்ட் கிட்னி சென்டர்ஸ் நிறுவனத்தின் கூடம்! அவரோடு ஒரே கூரையின் கீழ் சாய்ந்திருந்தவர்கள் அனைவரும் இரண்டொரு நாளில் மறுபடியும் அங்கே வந்தாக வேண்டும். கூடத்தைப் பூட்டினால் அவர்கள் பிழைக்க மாட்டார்கள்.

அந்த வாரங்களில் இத்தகைய கூடங்களுக்காக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வகுத்த ஒழுங்குகளைப் படித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் வாசற்படியிலிருந்து தொடங்குவதைக் காணலாம். காய்ச்சலோ இருமலோ உள்ளவர் புறப்படும் முன்பே தொலைபேசியில் சொல்ல வேண்டும். ‘வராதீர்கள்’ என்று பதில் கூறுவதற்காக அல்ல. அவருக்கு இடம் ஒதுக்குவதற்காக. உடல்நிலை தாங்குமாயின், காத்திருப்பு அறையில் நெருங்கி அமராமல், தம் வண்டியிலேயே இருந்து அழைத்ததும் உள்ளே வரலாம். வாசலில் முகக்கவசம், வெப்பநிலைப் பரிசோதனை, சில கேள்விகள். உள்ளே இருக்கைக்கும் இருக்கைக்கும் 6 அடி இடைவெளி. அறிகுறி உள்ளவருக்குத் தனி அறை. அது இல்லையேல், ஆள் நடமாட்டம் குறைந்த மூலை அல்லது வரிசையின் கடைசி இருக்கை. நோய் உறுதியான பலர் இருந்தால் அவர்களை ஒன்றுசேர்த்து, நாளின் கடைசி முறையில், அவர்களுக்கென்றே நியமித்த செவிலியரைக் கொண்டு சிகிச்சை செய்து, பிறகு கூடத்தைக் கழுவித் துடைக்கலாம். ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கென ஒதுக்கிய தனியறையை, அக்கிருமி இல்லாத கோவிட் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அதில் ஒரு வரி உண்டு. 1970-களின் அனுபவம் 2020-ல் வந்து காவல் நின்றது போலும்.

இதில் மருத்துவர்களைத் தடுமாற வைத்த நுட்பம் ஒன்றும் உண்டு. டயாலிசிஸ் தவறியவருக்கும் மூச்சுத் திணறும். கோவிட் வந்தவருக்கும் மூச்சுத் திணறும். வாசலில் நிற்பவரை ‘உனக்குத் தொற்று, போ’ என்று திருப்பினால், அவருக்குத் தேவைப்பட்ட மருந்து டயாலிசிஸாகவே இருந்திருக்கக் கூடும். ஆகவேதான் முடிவு தெரியும்வரை தொற்று உள்ளவராகவே கருதித் தனியிடத்தில் வைத்து, ஆனால் சிகிச்சையை நிறுத்தாமல் செய்க என்ற நெறி பிறந்தது. முதல் அலையில் நோய் கண்ட டயாலிசிஸ் நோயாளிகளில் ஐரோப்பாவில் 28 நாட்களுக்குள் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் இறந்தனர் என்பதைக் காணும்போது, இந்தக் கெடுபிடி மிகையெனத் தோன்றாது.

நம் நாட்டின் நிலை வேறொரு விதத்தில் கசப்பானது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தடையில்லை என்று அரசு அறிவித்திருந்தது. ஆனால் பேருந்து இல்லை, இரயில் இல்லை, ஆட்டோ இல்லை. மாவட்ட எல்லையில் சீட்டுக் கேட்டார்கள். சில இடங்களில் தொற்று இல்லை என்ற சான்று இல்லாமல் சேர்க்கவும் தயங்கினார்கள். 19 பெரிய மருத்துவமனைகளில் இந்தியச் சிறுநீரக மருத்துவர்கள் அப்போது எடுத்த கணக்கில், ஊரடங்கிற்கு முன் சிகிச்சை பெற்றுவந்த 2,517 பேரில் 710 பேர் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட டயாலிசிஸைத் தவறவிட்டனர். 69 பேருக்கு அவசர டயாலிசிஸ் தேவைப்பட்டது. 104 பேர் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிட்டனர்.

கிருமி உள்ளே நுழையாமல் காப்பதற்குச் செலவிட்ட கருத்தில் ஒரு பங்கையேனும், நோயாளி உள்ளே வந்து சேர்வதற்குச் செலவிட்டிருந்தால் அந்த 710 குறைந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். அது மருத்துவரால் மட்டும் ஆகும் காரியமன்று. வண்டியும் ஓட்டுநரும் அனுமதிச் சீட்டும் சார்ந்தது. பலரை ஒரே வேனில் நெருக்கி ஏற்றி வந்தால் கூடத்தில் விட்ட 6 அடி இடைவெளிக்கும் பொருளில்லாமல் போய்விடும்.

நம் மஹல்லாவில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் யார் யார், எந்தெந்தக் கிழமைகளில், எந்த மருத்துவமனைக்குச் செல்கிறார்கள், யார் அழைத்துச் செல்கிறார்கள், அவர் வர இயலாத நாளில் யார் என்ற விவரங்களை ஒரு பதிவேட்டில் எழுதி ஜமாஅத் அலுவலகத்தில் வைக்குமாறு நிர்வாகக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பிறர் கண்ணில் படாதவாறு அது இருக்கட்டும். ஆண்டுக்கு இரு முறை சரிபார்த்தால் போதும்.