ஈயக்குட்டை நத்தையும் சுண்ணாம்புத் தண்ணீரும்

ஈயம் என்ற சொல்லை வைத்து மாணவர்கள் கட்டுரையில் ஒரு தவறு அடிக்கடி வரும். கிந்தாவில் தோண்டியது வெள்ளீயம். உடலுக்கு நஞ்சு என்று நாம் படிப்பது காரீயம். இரண்டையும் வெறும் 'ஈயம்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

புந்தோங்கைத் தாண்டி மெங்லெம்பு, லாஹாட் பக்கம் போனால் குட்டைகளைப் பார்த்திருப்பீங்க. அவை இயற்கையாக வந்தவை அல்ல. 1880களில் சூடுபிடித்த ஈய வேட்டை, 1913-இல் வந்த தோண்டும் கப்பல் எல்லாம் விட்டுப்போன குழிகள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கொள்முதலை நிறுத்தியது. விலை சரிந்து, லம்பங்கள் அடுத்தடுத்து மூடின. குழிகளில் நீர் நிறைந்தது.

அந்த நீரில் உலோகம் எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். அதில் எவ்வளவு நத்தைக்குள் போகும் என்பது மீதிப் பாதி.

நத்தை ஓடு கட்டக் கால்சியம் வேண்டும். அதைத் தண்ணீரிலிருந்தே தோல் வழியாக இழுத்துக்கொள்ளும். காட்மியம் அயனியும் ஏறக்குறைய அதே பருமன். கால்சியத்தின் வாசல் வழியாகவே உள்ளே வரும். கால்சியம் மிகுந்த கடினநீரில் வாசலில் நெரிசல், காட்மியத்துக்கு இடம் குறைவு. மென்னீரில் தடுக்க ஆளில்லை.

செம்பு அழுகிய இலைச் சத்தோடும் கார்பனேட்டோடும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய செம்பு எளிதில் உள்ளே நுழையாது. எகிப்தில் நோய் பரப்பும் நத்தைகளைக் கொல்லக் கால்வாய்களில் மயில்துத்தம் போட்டார்கள். காரத்தன்மை கூடிய நீரிலும் சேற்றிலும் அதன் வீரியம் குறைந்தது. மருந்து அதேதான், தண்ணீர்தான் வேறு.

அமிலத்தின் பங்கும் பெரிது. சபாவில் மாமுட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கியது. அங்கே கந்தகத் தாது காற்றும் மழையும் பட்டு அமிலமாகி, உலோகங்களைக் கரைத்து வெளியேற்றுகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அது அமிலத்தை முறித்துவிடும்.

அப்படின்னா நம்ம குட்டை நத்தை பாதுகாப்பானதா? இங்கேதான் பலர் வழுக்குவார்கள். நத்தை சேற்றையும் பாசியையும் மேய்கிறது. வாய்வழி போகும் உலோகத்தைக் கடினநீர் தடுக்காது. இன்னொன்று ஆர்செனிக். கிந்தாவின் ஈயத் தாதுவோடு ஆர்செனிக் தாதுவும் சேர்ந்தே கிடைத்தது. நீரில் அது எதிர்மின் அயனியாகத் திரிவதால் கால்சியம் அதனோடு போட்டியிடாது. காரத்தன்மை கூடக்கூட, அதைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புத் துருவின் பிடியும் தளரும். காட்மியத்துக்குக் காவல் நிற்கும் அதே தண்ணீர், ஆர்செனிக்கைக் கண்டுகொள்வதில்லை.

அறிவியல் செயல்திட்டத்துக்குக் குட்டைத் தண்ணீர் எடுப்பவர்கள் பிஎச், கடினத்தன்மை இரண்டையும் சேர்த்தே குறியுங்கள். கொஞ்சம் சேறும் எடுங்கள். எடுத்த நத்தையைச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். கொதிக்க வைத்தால் புழு சாகும், உலோகம் போகாது.