கணினி கடனை மறுத்தால் பதில் சொல்வது யார்?

வங்கி மேலாளரை நேரில் பார்த்துக் கடன் கேட்ட காலம் மாறி வருகிறது. இன்று செல்போன் செயலியில் விண்ணப்பித்தால், தகுதி உண்டா இல்லையா என்ற பதில் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. பல இடங்களில் இந்த முடிவை எடுப்பதில் செயற்கை நுண்ணறிவுக்கும் பங்கு இருக்கிறது. மறுபுறம், "பிளாக்செயினில் பணம் போடுங்கள்" என்ற அழைப்புகளும் வருகின்றன. இரண்டையும் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

பிளாக்செயின்: பதிவு மாறாது, பொய்யும் மாறாது

ஒரே கணக்குப் பேரேட்டைப் பல கணினிகளில் வைத்து, ஒவ்வொரு பதிவுத் தொகுதியையும் முந்தையதோடு பூட்டி வைக்கும் முறையே பிளாக்செயின். 2009இல் பிட்காயின் இம்முறையில்தான் தொடங்கியது. எழுதியதை யாரும் ரகசியமாகத் திருத்திவிட முடியாது என்பதே இதன் பலம். ஆனால் முதலில் எழுதியதே பொய் என்றால், அந்தப் பொய்யும் பத்திரமாக இருக்கும்! ஆகவே பிளாக்செயின் என்ற பெயர் மட்டுமே ஒரு முதலீட்டுக்கு உத்தரவாதம் ஆகாது. கிரிப்டோ லாபத்துக்கு இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு. வரி இருப்பதாலேயே அதில் போடும் பணத்துக்கு அரசு பொறுப்பேற்கிறது என்று பொருளல்ல.

செயற்கை நுண்ணறிவு: பழைய கணக்கின் நிழல்

பழைய கடன் விவரங்களைப் படித்தே கணினி கற்றுக்கொள்கிறது. ரொக்கத்தில் வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரர், தன் பெயரில் வருமானக் கணக்கு இல்லாத பெண் ஆகியோர் அந்த விவரங்களில் குறைவாகவே இருப்பார்கள். அதனால் நாணயமானவரும் தகுதியற்றவராகத் தெரியலாம். சாதி, மதம் கேட்கப்படாவிட்டாலும், வசிக்கும் பகுதியை வைத்தே ஒருவர் ஒதுக்கப்படும் ஆபத்து உண்டு.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் தன் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில், தனிநபரின் கடன் தகுதியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்தது. நமது ரிசர்வ் வங்கி அமைத்த குழுவும் 2025 ஆகஸ்டில் வெளியான அறிக்கையில் ஏழு கோட்பாடுகளை முன்வைத்தது. நியாயம், பொறுப்புடைமை, முடிவைப் புரிந்துகொள்ளும் வசதி ஆகியவை அவற்றில் அடங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வங்கி கடனை மறுத்தால், முக்கியக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

2. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தவறு இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

3. தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலியைத் தவிர்த்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகள் இதைத் தடுக்கின்றன.

4. இணைய மோசடியில் பணம் போனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

"கணினி சொல்லிவிட்டது" என்பது ஒரு பதிலே அல்ல. கணினியை வைத்து முடிவெடுத்தாலும், அந்த முடிவுக்குப் பொறுப்பு கடன் தரும் நிறுவனமே. அதனிடம் காரணம் கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை.