நோயல் பத்திரப்படுத்திய காயிதம்

கட்டாரில் இருக்கும் என் பேத்திக்கு ஐந்து வயது. போன விடுமுறையில் வந்தவள், என் அலுமாரியில் இருந்த 'முயல் பீற்றரின் கதை'யை விட்டுப் பிரிய மனமில்லாமல் போனாள். புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நான் வேறு விதமாக நினைத்தேன். பக்கம் பக்கமாகப் படத்தைக் கீறி, கீழே கதையைத் தமிழில் எழுதித் தபாலில் அனுப்பி வருகிறேன். என் முயல் சில வேளை ஆட்டுக்குட்டி போல வந்துவிடும். போஞ்சியும் முள்ளங்கியும் மட்டும் நன்றாக அமைகின்றன.

இப்படிக் கீறத் தொடங்கிய பிறகுதான் அந்தப் புத்தகத்தின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். அதுவும் ஒரு காயிதமாகவே பிறந்திருக்கிறது.

பியற்றிக்ஸ் பொட்டர் 1866ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். வீட்டிலேயே கல்வி கற்றவர். அவருடைய கடைசி ஆசிரியை அனி, திருமணமாகி அனி மூர் ஆன பின்னரும் அந்த நட்பு தொடர்ந்தது. அனியின் மூத்த மகன் நோயல் ஐந்து வயதில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தான். அப்போது ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த பொட்டர், 1893 செப்டெம்பர் 4ஆம் திகதி அவனுக்கு ஒரு காயிதம் எழுதினார். எழுதச் செய்தி எதுவும் இல்லாததால் நான்கு முயற்குட்டிகளின் கதையைச் சொன்னார். வரிகளுக்கிடையே பேனையால் முயல்களைக் கீறினார். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பிடித்துக்கொண்டு கதைக்குள் போய்விடலாம். மறுநாள் நோயலின் தம்பி எரிக்குக்கு ஒரு தவளைக் கதையை எழுதினார். அதுவும் 1906இல் புத்தகமாயிற்று.

ஏழெட்டு ஆண்டுகள் கழிந்த பின் இவற்றைப் புத்தகமாக்கும் எண்ணம் வந்தபோது, பொட்டரிடம் அந்தக் கதை எழுத்தில் இருக்கவில்லை. அது நோயலிடம் இருந்தது. பையன் காயிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். அவனிடம் அதை இரவல் வாங்கிப் பிரதி செய்து, கதையை நீட்டி, புதிய படங்களைச் சேர்த்தார். வெளியீட்டாளர்கள் பலர் திருப்பியனுப்பினர். சின்னக் கைகள் பிடிக்கத்தக்க சிறிய புத்தகமாக, குறைந்த விலையில் வர வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1901 டிசெம்பரில் தன் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902 ஒக்டோபரில் பிரெடரிக் வோர்ண் நிறுவனம் வண்ணப் படங்களோடு அதனை வெளியிட்டது.

இந்த வரலாற்றில் பொட்டரின் திறமையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என் மனம் நோயலிடமே நிற்கிறது. அவன் அந்தத் தாளைக் கிழித்துக் கப்பல் செய்திருந்தால்?

இதைக் கேட்க எனக்கொரு காரணம் உண்டு. நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வளர்ந்தவள். மன்னாரிலிருந்த என் உம்மும்மாவும் எனக்குக் காயிதம் போடுவார். அவருக்குத் தெரிந்த எழுத்து அறபுத் தமிழ். எனக்கு அதை வாசிப்பது சிரமம் என்பதால் ஓரத்தில் தோணி, கிணறு, மீன் என்று கீறி வைப்பார். படத்தைப் பார்த்து எழுத்தை ஊகிப்பேன். அப்படித்தான் அந்த எழுத்தே எனக்குப் பிடிபட்டது. அவை எல்லாவற்றையும் றங்குப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். நானும் நோயலைப் போலத்தான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகும்படி சொன்னார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். பெட்டி அங்கேயே கிடந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை.

எங்கள் பெண்கள் எழுதவில்லை என்று நம்மில் சிலர் மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எழுதியவை எங்கே போயின என்று அவர்கள் கேட்பதில்லை. அச்சுக்குப் போகாத எழுத்து, வைத்திருப்பவர் கையில்தான் உயிர் வாழ்கிறது. கை வெறுமையானால் எழுதப்படாததாகவே அது கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

உங்கள் வீட்டு அலுமாரியில் ஓர் உம்மும்மாவின் காயிதம் கிடந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் வையுங்கள்.

பொட்டர் தன் காயிதத்தின் தலைப்பில் இடத்தையும் திகதியையும் குறித்திருந்தார். என் உம்மும்மாவுக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை. நானும் முதல் மூன்று காயிதங்களில் அதை விட்டுவிட்டேன். நேற்று நான்காவதை எழுதினேன். பீற்றர் தோட்டத்துப் படலைக்கடியில் நுழையும் பக்கம். மேலே 'புத்தளம்' என்று எழுதி, திகதியையும் போட்டேன். மற்ற மூன்றிலும் எழுதிவிடும்படி மகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.