கூழ் குடிக்கப் போன சனி, ஞாயிறு

வெள்ளி இரவு கொழும்பில் பஸ் ஏறினால் விடிய யாழ்ப்பாணம். ரெண்டு நாள் நண்டும் கணவாயும் சாப்பிட்டுவிட்டு திங்கள் விரிவுரைக்குத் திரும்பிவிடலாம். இது எவ்வளவு புதிய வசதி எண்டதை எங்கட வயதுக்காரர் யோசிக்கிறதே இல்லை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது. திரும்ப வந்தது 2014 ஒக்ரோபரில்தான். ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடி, யுத்தம் முடிந்த பிறகு மறுபடி திறந்தது. நாங்கள் பாலர் வகுப்பில் இருந்த காலத்தில் வார இறுதிச் சுற்றுலா எண்டு யாராவது சொல்லியிருந்தால் சிரிச்சிருப்பினம்.

நாங்கள் நாலு பேர் போனது ஒடியல் கூழுக்காக. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த மா, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, புளி, செத்தல் மிளகாய்க் கூட்டு. மாவை முதலில் தண்ணியில் ஊறப்போட்டுக் கயர்ப்பை எடுக்க வேணும். அவசரப்பட்டால் கூழ் கைக்கும். கடைகளில் இதற்கு 'பாரம்பரிய உணவு' எண்டு பலகை போட்டிருக்கினம். வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்தச் சொல்லைச் சும்மா விட மனமில்லை. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியரின் கப்பல்கள் வந்த பிறகுதான் அவை இஞ்ச வந்தன. அதற்கு முந்திய கூழுக்கு உறைப்பு மிளகிலிருந்துதான் வந்திருக்க வேணும். பனையும் கடலும் உண்மையில் பழசு. (ஒடியல் கூழின் உறைப்பைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, மூண்டு பிளா குடிச்சம்.)

கடலுக்கும் ஒரு வரலாறு இருக்கு, அதைப் பலகையில் எழுதமாட்டினம். வலிகாமம் வடக்கில் மயிலிட்டி பேர்போன மீன்பிடித் துறை. 1990இல் சனம் இடம்பெயர, அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. விடுபட்டது 2017 யூலையில், 27 வருசம் கழிச்சு. முகாமில் பிறந்த பிள்ளை தகப்பனின் துறையைப் பார்க்கிறதுக்கு முன்னமே கலியாணம் கட்டியிருக்கலாம். தொழில் எண்டது வலையும் வள்ளமும் மட்டுமில்லை. எந்தக் காத்துக்கு எங்க மீன் நிற்கும் எண்ட அறிவும்தான். கடலுக்குப் போகாத தலைமுறைக்கு அதை ஆர் சொல்லிக் கொடுக்கிறது?

அதே 2017இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து இலங்கையில் சட்டம் வந்தது. ஆனால் பாக்கு நீரிணையைத் தாண்டி வருகிற இந்திய இழுவைப் படகுகள் நிற்கவில்லை. நண்டு வலை அடியில் கிடக்கிறது, இழுவைமடியும் அடியைத்தான் வாரும். ஒரு இரவில் வலை போனால் அடுத்த வலைக்குக் கடன்தான். அந்தப் படகுகளில் வாறதும் பெரும்பாலும் கூலிக்குத் தொழில் செய்கிற தமிழர் எண்டதால் எங்கட மேடைகளில் இதைப் பூசி மெழுகுகிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை.

ஞாயிறு விடிய பாசையூர்ச் சந்தைக்குப் போனம். பெரிய நீலக்கால் நண்டுகள் ஏற்றுமதிக்கு ஐஸ் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. மிச்சமாக் கிடந்த கால் உடைஞ்ச நண்டையும் சின்ன மீனையும் ஒரு அம்மா பையில் அள்ளினா. என்ன சமைக்கப்போறீங்கள் எண்டு கேட்டம்.

"கூழ்தான், பிள்ளையள்."