கூரையில்லாத மலாக்கா தேவாலயம்: இடித்தது யார்?

மலாக்கா போய் வந்தவர்களின் ஃபோனில் இந்தப் படம் கண்டிப்பாக இருக்கும். செம்பழுப்புச் சுவர். கண்ணாடி இல்லாத ஜன்னல். மேலே கூரைக்குப் பதிலாக வானம்.

செயின்ட் பால் குன்றிலிருந்து இறங்கும்போது பலருக்கும் வரும் கேள்வி: "இதை யாரு இடிச்சாங்க? போர்லயா?"

குண்டு விழுந்து ஒரே நாளில் சிதைந்த கட்டடம் இல்லை இது. கீழே புதுசா ஒன்று வந்ததும், 'இனி தேவையில்லை' என்று கைவிடப்பட்டது.

முதலில் கட்டியது யார்?

1511இல் போர்த்துகீசியர்கள் மலாக்கா சுல்தானகத்தைக் கைப்பற்றினர். பத்தாண்டு கழித்து, 1521இல், டுவார்ட்டே கொயெல்யோ என்ற போர்த்துகீசியக் கப்பல் தலைவர் குன்றின் உச்சியில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். கடலில் புயலிலிருந்து பிழைத்ததற்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் என்பார்கள்.

1548இல் அது இயேசு சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. பிறகு மாடியும் கோபுரமும் சேர்ந்தன.

இங்கே சவேரியாருக்கு என்ன வேலை?

உங்கள் வகுப்பில் ஒரு சேவியர் இருந்திருக்கலாம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் புனித பிரான்சிஸ் சேவியர். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அவர் சவேரியார்.

1545இல் மலாக்கா வருவதற்கு முன், அவர் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களிடையே பணியாற்றினார். ஜெபங்களைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு கிழக்கே போகும் பயணங்களுக்கு மலாக்காதான் அவருக்கு நடுவழித் தளம். ஜப்பானியர் அஞ்சிரோவை 1547இல் சந்தித்ததும் மலாக்காவில்தான். இரண்டு ஆண்டில் சவேரியார் ஜப்பான் போய்ச் சேர்ந்தார்.

1552இல் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் அவர் காலமானார். மறு ஆண்டு உடல் இந்தத் தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டுச் சில மாதங்கள் இங்கே இருந்தது. பிறகு கோவாவுக்குப் போனது. உள்ளே கம்பிவலைக்குக் கீழே தெரியும் வெறும் குழி, அந்தத் தற்காலிகக் கல்லறை.

வெளியே நிற்கும் வெள்ளைச் சிலைக்கு வலது கை இல்லை. 1950களில் சிலை வைத்த கொஞ்ச நேரத்திலேயே மரம் விழுந்து உடைந்தது என்கிறார்கள். சவேரியாரின் உண்மையான வலது முன்கையும் 1614இல் தனியே எடுக்கப்பட்டு, ரோமில் வைக்கப்பட்டுள்ளது. சிலையின் கதை பரவியதற்கு அதுதான் காரணம்.

பெயர் ஏன் 'பால்'?

1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தனர். அவர்கள் புரோட்டஸ்டண்டுகள். மாதா கோவிலை எடுத்துக்கொண்டு, செயின்ட் பால் என்று பெயர் மாற்றினர். அதுவரை அங்கே ஜெபித்த கத்தோலிக்கர்களுக்குக் கோவில் இல்லாமல் போனது.

நூறு ஆண்டுக்குமேல் டச்சுக்காரர்கள் அங்கேயே வழிபட்டனர். 1753இல் குன்றின் அடிவாரத்தில் கிறைஸ்ட் சர்ச் கட்டி முடிந்தது. இன்று சிவப்பாக நிற்கிறதே, அதுதான். எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள். மேலே இருந்தது இடுகாடாகவும் கோட்டையின் பகுதியாகவும் மாறியது.

அடுத்து வந்த பிரிட்டிஷார் அதில் வெடிமருந்து வைத்தனர். 1807இல் கீழே இருந்த கோட்டைச் சுவர்களைத் தகர்த்ததும் அவர்களே. அதில் மிஞ்சியது ஃபமோசா வாசல் மட்டும்.

இவ்வளவு அழகாகத் தெரிவது ஏன்?

கூரை இல்லாததால் வெயில் நேராகத் தரையில் விழுகிறது. சுவர்கள் லேட்டரைட் எனும் செம்புறைக்கல். வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். மழையும் பாசியும் அதில் கறுப்பையும் பச்சையையும் பூசிவிடுகின்றன.

ஆனால் இந்தக் குன்றில் கொடி மாறிய ஒவ்வொரு முறையும் யாரோ எதையோ இழந்திருக்காங்க. சுல்தான் நகரத்தை இழந்தார், போர்த்துகீசியர்கள் கோவிலை, டச்சுக்காரர்கள் கோட்டையை. அந்த அமைதிக்குள் இதுவும் இருக்கிறது.

திரும்பக் கட்டிவிடலாமே?

எதைக் கட்டுவது? 1521இன் சிற்றாலயத்தையா, துறவிகளின் மாடிக் கட்டடத்தையா, டச்சுக்காரர்களின் தேவாலயத்தையா? ஒன்றைக் கட்டினால் மற்றவை மறைந்துவிடும். அதனால் இருப்பதை இருக்கிறபடி தாங்கிப்பிடிப்பதே நல்ல வழி. மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008 முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலங்கள்.

சுவருக்கு எதிரிகள் மழைநீர், விரிசலில் இறங்கும் வேர், அப்புறம் நாம். பெயர் கீறுவது, கல்லறைக் கல்லில் சாய்ந்து படம் எடுப்பது எல்லாம் வேண்டாமே.

அடுத்த முறை போனால்…

- சுவரோரம் நிற்கும் பெரிய கல்லறைக் கற்களைப் பாருங்கள். போர்த்துகீசியர், டச்சுக்காரர் இரு தரப்பும் அங்கே அருகருகே. சிலவற்றில் மண்டையோடு செதுக்கியிருக்கும்.
- கடல் பக்கம் திரும்பி நில்லுங்கள். குன்றை எல்லாரும் விரும்பியதன் காரணம் புரியும்: வரும் கப்பல் எதுவும் அங்கிருந்து தப்பாது.
- நேரமிருந்தால் 1710இல் கட்டப்பட்ட செயின்ட் பீட்டர் தேவாலயத்துக்கும் போங்கள். குன்றை இழந்த கத்தோலிக்கர்களுக்கு டச்சு ஆட்சியிலேயே கிடைத்த இடம் அது. அங்கே இன்றும் பூசை நடக்கிறது.