கணக்கு எழுதிய மத்தியஸ்தன்

போன வருஷம் செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது மேஸ்திரிக்கும் எனக்கும் சண்டை வந்தது. சுவரில் விரிசல் இல்லை, கலவையில் குறை இல்லை. சதுரக் கணக்குதான் பிரச்சினை (100 சதுர அடி ஒரு சதுரம்). சன்ஷேடையும் படிக்கட்டையும் சேர்த்து அவர் ஒரு கணக்குச் சொன்னார், கழித்து நான் ஒரு கணக்குச் சொன்னேன். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார் அளப்பாங்க" என்றார். எப்படி அளப்பது என்று வேலை தொடங்கும்போது இரண்டு பேருமே எழுதி வைக்கவில்லை. கடைசித் தவணை மூன்று மாதம் தொங்கியது.

அந்தக் கடுப்பில்தான் உத்திரமேரூர் கல்வெட்டைத் திரும்பவும் எடுத்து வாசித்தேன். பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வரும் ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துச் சபை விதிகள் இரண்டு இருக்கின்றன: கி.பி. 919இல் ஒன்று, இரண்டே வருஷத்தில் அதைத் திருத்தி 921இல் இன்னொன்று. குடவோலை முறை பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் எல்லோரும் அதோடு நின்றுவிடுகிறோம். எனக்கு வேண்டியிருந்தது கணக்கைப் பற்றிய பகுதி.

ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவி 360 நாள். அவ்வூர் ஏரியான வயிரமேக தடாகம் பல்லவர் காலத்திலிருந்தே உண்டு. ஏரி என்பது ஒரு தடவை கட்டிவிட்டு மறந்துபோகிற வேலை இல்லை. தூர் வாரணும், கரையைப் பார்க்கணும், அதற்குச் செலவு பண்ணணும். ஊர்ப்பணமும் மண்வேலையும் சேரும் இடத்தில் தகராறு வராமல் இருக்குமா?

921 விதி இதற்கு ஒரு வழி செய்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல. சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மச்சினன், மருமகன் வரை யாருக்கும் இடமில்லை. கணக்கை மறைத்தவனை வீட்டுக்குள்ளேயே எத்தனை பேர் நெருக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

என்னை நிறுத்தியது இன்னொரு வரி. ஊர்க் கணக்கை எழுதுபவர் நேர்வழியில் பொருள் சேர்த்த மத்தியஸ்தராக இருக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்படைக்க வேண்டும். அதை முடிக்க வேறு ஆளை வைக்கக் கூடாது. ஒப்படைத்து, சுத்தமானவர் என்று ஆகும்வரை அவருக்கு மறுபடி அந்த வேலை கிடையாது. நாம் இன்று சண்டை முற்றிய பிறகு தேடிப் போகும் மத்தியஸ்தர், அங்கே வேலை நடக்கும்போதே கையில் ஓலையோடு உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது பெரிய கட்டுமானங்களில் அவர் எப்போது வருகிறார்? சென்னை மெட்ரோ நிறுவனத்துக்கும் டிரான்ஸ்டனல்ஸ்ட்ராய்-அஃப்கான்ஸ் கூட்டு நிறுவனத்துக்கும் வந்த தகராறு மூன்று நடுவர்களிடம் போனது. ஓர் அமர்வுக்கு 1 லட்சம் ரூபாய் என்றிருந்த தங்கள் கட்டணத்தை நடுவர்கள் 2 லட்சமாக்க, அதுவே தனி வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 2023 அக்டோபரில் தீர்ப்பு: நடுவர்கள் தொடரலாம், கட்டணம் பழையபடி 1 லட்சம்தான். வேலைத் தகராறுக்குள் ஒரு கூலித் தகராறு! எங்கள் சன்ஷேடு எவ்வளவோ தேவலை.

உத்திரமேரூர் யோசனைக்கு நெருக்கமான ஒன்றை 1975இல் அமெரிக்காவின் கொலராடோவில் செய்தார்கள். ஐசன்ஹோவர் மலைச் சுரங்கத்தின் இரண்டாம் பாதைக்கு, ஒப்பந்தத்திலேயே மூன்று நிபுணர்கள் கொண்ட குழுவைச் சேர்த்தார்கள். வேலையைக் கூடவே இருந்து பார்த்ததால் தகராறு வந்தபோது அவர்களுக்குப் புதிதாகக் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1999இல் ஃபிடிக் அமைப்பின் ஒப்பந்தப் படிவங்களிலும் இப்படிக் குழு அமைப்பது இடம்பிடித்தது.

எங்கள் கதை பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவரால் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பைப் பிடித்து மூன்று பேரும் அளந்தோம். சன்ஷேடைப் பாதியாகவும் படிக்கட்டை முழுசாகவும் சேர்ப்பது என்றார் அவர். மேஸ்திரிக்கும் திருப்தியில்லை, எனக்கும் இல்லை, ஆனால் பணம் கைமாறியது. இந்த மாதம் பின்பக்கம் ஒரு அறை போடுகிறோம், அதே மேஸ்திரிதான். கடைக்கால் தோண்டும் முன்னாலேயே ஓவர்சியர் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி வந்து, எதை எப்படி அளப்பது என்று முதல் பக்கத்தில் எழுதி, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நோட்டு அவர் வீட்டில்தான் இருக்கிறது.